கனடாவில் ஒரு வீடு

எனக்குப் பிரெஞ்சு விளங்கும், பேசத்தான் வாய் வராது. இந்தக் குறையை என் மகள் அந்த வசந்த காலத்தில் தன் படிப்புக்கு நன்றாகவே பயன்படுத்திக்கொண்டாள். சரித்திர ஆசிரியையாவதற்கான போட்டிப் பரீட்சையில் கேள்வித்தாள் பகுதியைத் தாண்டியிருந்தாள். இனி நடுவர்கள் முன் நின்று ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். "உங்களுக்கு விளங்கினா பதின்மூண்டு வயசுப் பிள்ளையளுக்கும் விளங்கும் அம்மா" என்று சொல்லி என்னைக் குசினி மேசைக்கு முன்னால் இருத்திவிடுவாள். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டே மாணவியாவேன். இடையில் வாயைத் திறந்தால் திட்டு விழும். எனக்கோ வாயை மூடிக்கொண்டிருக்கிற பழக்கம் பிறந்ததிலிருந்தே கிடையாது.

அவள் எடுத்துக்கொண்ட பாடம், கனடாவில் முதன்முதலாகப் போய்க் குடியேறிய பிரெஞ்சுக்காரரைப் பற்றியது. அந்த நேரம் எங்கள் வீட்டில் எழுந்தாலும் கனடா, படுத்தாலும் கனடா. ஸ்கார்பரோவில் இருக்கும் ஒரு பையனை அவளுக்குப் பேசியிருந்தோம். சாதகம் பொருந்திவிட்டது. படம் பார்த்தாயிற்று, வீடியோவில் இருவரும் சில தடவை கதைத்தும் ஆயிற்று. சம்மதமா என்று கேட்டபோது மகள் "ஓம்" என்றாள். அவ்வளவுதான். ஒரு சேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டால்கூட அதன் கரையையும் நிறத்தையும் பற்றி நீட்டி முழக்குகிறவள், கலியாணத்துக்கு ஒற்றைச் சொல்லோடு நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளுடைய அப்பாவுக்கு ஒரு கலக்கமும் இல்லை. ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல் வேலை அவருக்கு. நாள் முழுக்க அடுப்படியில் மற்றவர்களின் கட்டளைக்கு ஓடுகிற மனிதர், வீட்டுக்கு வந்தால் முடிவெடுப்பதை மட்டும் தன் வேலையாக வைத்திருந்தார். "பிள்ளை சம்மதம் சொல்லிட்டாள், பிறகென்ன?" என்றார்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதலில் 'எழுத்து' நடக்கும். அதாவது கலியாணப் பதிவு. பாரிஸில் என்றால் மேரியில், நகரசபையில். சட்டப்படி அன்றைக்கே அவர்கள் புருசன் பெண்சாதி. ஆனால் மண்டபம் பிடித்துத் தாலி கட்டுகிறவரை ஊர்க்கண்ணுக்கு அவள் இன்னும் குமர்ப்பிள்ளைதான், பெற்றோர் வீட்டில்தான் இருப்பாள். இடைப்பட்ட காலத்தில் ஸ்பொன்சர் அலுவல் ஓடும், விசா வரும். அந்த இடைவெளியில் ஏதாவது பிழைத்துப்போனால் அவள் குமருமில்லை, வாழ்ந்தவளுமில்லை. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில் அப்படி நிற்கிற பெண்களை எனக்குத் தெரியும். மகளின் எழுத்துக்கு ஜூலை மாதத்தில் நாள் எடுத்திருந்தோம். அதனால்தான் பாடத்தில் கனடா என்று காதில் விழுந்ததும் கத்தியை வைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினேன்.

முதலில் போனவர்கள் ஆற்றங்கரையில் மரத்தால் ஒரு கோட்டை கட்டினார்களாம். பிரான்ஸில் அடிக்கிற குளிர் மாதிரித்தான் இருக்கும் என்று நினைத்துப் போன மனிதர்கள். மாரி வந்தது, ஆறு உறைந்து கல்லாகிவிட்டது, கப்பல் அசைய வழியில்லை. உப்புப் போட்ட இறைச்சியையே தின்று தின்று பல்முரசு வீங்கி, பல் கழன்று, ஒவ்வொருவராகச் செத்தார்கள். அங்கே ஏற்கனவே இருந்த சனம் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் குடிக்கச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் மிஞ்சியவர்கள் எழும்பி நடந்தார்கள்.

"அந்தச் சனத்துக்கு என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அது கடைசிப் பகுதி. பொறுங்கோ."

கடைசிப் பகுதியில் இரண்டே வசனம்தான் இருந்தது. வெள்ளைக்காரரோடு வந்த அம்மை மாதிரி வருத்தங்களில் ஊரூராகச் செத்துப்போனார்கள், நிலம் கைமாறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கைமாறினதோ? கைமாறினது எண்டா குடுத்தவன் ஒருத்தன் இருக்கவேணும். எங்கடை நாட்டிலையும் அரசாங்கம் ஆக்களை லொறியிலை ஏத்திக்கொண்டு வந்து எங்கடை சனத்தின்ரை காணியிலை இருத்தினது. அதையும் கைமாறினது எண்டு எழுதுவியோ?"

அவள் பேனையை மேசையில் வைத்தாள். "நடுவர் எனக்குத் தாற நேரம் அவ்வளவுதான் அம்மா. அதோடை, நீங்களும் அந்தக் காணியிலைதானே எனக்கு மாப்பிள்ளை பாத்திருக்கிறியள்?"

கத்தரிக்காய் கறுத்துப்போகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனேன்.

அடுத்த முறை பாடம் சொன்னபோது பெண்கள் வந்தார்கள். கனடாவில் குடியேறியவர்களில் ஆண்கள்தான் அதிகம். மிருகத் தோல் வாங்கி விற்கவும் காடு வெட்டவும் போனவர்களுக்குக் கலியாணம் கட்டப் பெண் இல்லை. ஆகவே பிரெஞ்சு அரசன் இங்கிருந்து பெண்களை அனுப்பினான். ராசாவின் பெண்கள் என்றே அவர்களுக்குப் பெயர். பலர் பாரிஸில் அநாதைகளையும் ஏழைகளையும் அடைத்து வைத்திருந்த ஒரு பெரிய விடுதியில் வளர்ந்தவர்கள். ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள். அதற்குள் சீப்பு, ஊசி, நூல், கத்தரிக்கோல், குண்டூசிகள், ஒரு தொப்பி, காலுறை. அரசன் சீதனமும் கொடுத்தான். கப்பலில் செத்தவர்கள் போக மிச்சப் பேர் கரையில் இறங்கியபோது, முன்பின் பார்த்திராத ஆண்கள் காத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆனா அம்மா, அவையளுக்கு வேண்டாம் எண்டு சொல்ல உரிமை இருந்தது" என்றாள் மகள். "புத்தியுள்ள பெட்டையள் முதல் கேட்ட கேள்வி என்ன தெரியுமோ? நீ வீடு கட்டியிட்டியோ எண்டு. வீடு இல்லாதவன் சரியாக் கஷ்டப்பட்டான்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணோடு வருவது. பெண் பிறந்தால் தகப்பன் முதலில் யோசிப்பது அவளுக்கு ஒரு வீட்டையும் வளவையும் எப்படித் தேடுவது என்றுதான். மாப்பிள்ளையைப் பார்த்து உனக்கு வீடு இருக்கிறதா என்று எந்தப் பெண்வீட்டாரும் கேட்டதில்லை. கேட்டால் ஏதோ மறை கழன்றவர்கள் என்றுதான் நினைப்பார்கள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தப் பெண்களும் ஆண்களும் முதலில் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக்கு முன்னால் கலியாண ஒப்பந்தம் எழுதுவார்கள், தேவாலயத்துக் கலியாணம் பிறகுதான் நடக்கும். நடுவில் மனம் மாறி, எழுதினதை முறித்துவிட்டு வேறொருவனைக் கட்டிய பெண்களும் இருந்தார்கள். நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

"எங்கடை எழுத்து மாதிரியோ? முறிச்சாப் பிறகு சனம் கதைக்கேல்லையோ?"

"கதைச்சிருக்கும். ஆனா பொம்பிளையள் குறைவு. அதாலை ஒருத்தரும் பெரிசுபடுத்தேல்லை."

"சரி, அவையள் ஏன் போகச் சம்மதிச்சவை?"

"தெரியாது. ஒருத்தரும் அவையளைக் கேட்டு எழுதி வைக்கேல்லை."

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரோடு வீடியோவில் பேச்சு. எங்களுக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. என் கணவர் மேலே இஸ்திரி போட்ட சேட்டும் கீழே சாரமுமாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் மாப்பிள்ளையின் தாய், மூத்த அண்ணன், பின்னால் கூச்சத்தோடு மாப்பிள்ளை. எழுத்துக்கு யார் யார் வருகிறார்கள், எந்த விமானம், எங்கே தங்குவது என்று கதை போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் எல்லாவற்றையும் கேட்டார்கள். என் பிள்ளை அங்கே போய் எந்தக் கூரைக்குக் கீழே படுப்பாள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பாடத்தில் கேட்டது தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்ததோ என்னவோ, நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"தம்பிக்கு அங்கை வீடு இருக்கோ?"

ஒரு கணம் படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்படி அசையாமல் இருந்தார்கள். பிறகு தாயின் முகம் மலர்ந்தது.

"சந்தோசம் தங்கச்சி. நாங்களா வாய் திறந்து கேட்கக்கூடாது எண்டுதான் பேசாமல் இருந்தனாங்கள். நீங்களாவே வீட்டுக் கதையைத் தொடங்கினது உங்கடை பெரிய மனசு."

அண்ணன்காரன் உடனே பிடித்துக்கொண்டான். "தம்பி இப்ப எங்கடை பேஸ்மெண்டிலைதான் இருக்கிறான் மாமி. பக்கத்துத் தெருவிலை புதுசாக் கட்டுறாங்கள். நான் விபரம் எல்லாம் அங்கிளுக்கு அனுப்பிவிடுறன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணின் தாய் வீடு என்று வாயெடுத்தால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். "ஐயோ, நான் கேட்டது அதில்லை" என்று தொடங்கினேன். மேசைக்குக் கீழே கணவரின் முழங்கால் என் முழங்காலில் இடித்தது. கொடுப்பதாகச் சொல்லிவிட்டு அதே நிமிடத்தில் இல்லை என்பது, முதலிலேயே கொடாமல் இருப்பதைவிட வெட்கக்கேடு. மாப்பிள்ளையின் தாய் அதற்குள் அந்த வீட்டுக்கு எந்தத் திசையில் சாமியறை வைக்கலாம் என்று பேசத் தொடங்கிவிட்டார்.

பேச்சு முடிந்து தொலைபேசியைக் கவிழ்த்து வைத்ததும் கணவர் என்மேல் பாய்ந்தார்.

"ஆர் உம்மைக் கேட்டது? ஒருத்தரும் கேட்காத சீதனத்தை வலியப்போய்க் குடுத்திட்டு இருக்கிறீர்!"

"நான் குடுக்கேல்லை. நான் கேட்டனான்."

"பொம்பிளை வீட்டுக்காரர் ஆராவது மாப்பிள்ளையிட்டை வீடு கேட்பினமோ? உமக்கென்ன விசரோ?"

மகள் முன்னறையில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு மூன்று நாளில் லா சப்பல் முழுக்கக் கதை பரவிவிட்டது. நான் அங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு நிற்கிறேன். முருங்கைக்காய் நிறுக்க வருகிறவர், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறவர், எல்லாரும் என்னைப் புதுக் கண்ணால் பார்த்தார்கள். "மகளுக்குக் கனடாவிலை வீடு குடுக்கிறியளாமே அக்கா! சத்தம் போடாமல் இருந்து சாதிச்சுப்போட்டியள்" என்றாள் ஒருத்தி. இல்லை என்று நான் சொன்னதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். கணவருக்கு முடிவெட்டும் கடையில் வாழ்த்துச் சொன்னார்களாம். முதல் நாள் எரிச்சலோடு வந்தார். அடுத்தடுத்த நாட்களில் அவருடைய நடையே மாறிவிட்டது. தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கடைசியில் ஒருநாள், கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகர்ப் பக்கம் எங்களுக்கென்று ஒரு பிளாட் வாங்கச் சேர்த்து வைத்திருப்பதை அந்த வீட்டுக்குக் கட்டிவிடலாம் என்றார். நாங்கள் இருவரும் இப்படியே வாடகையில் காலத்தை ஓட்டிவிடலாம், பிள்ளை நன்றாக இருந்தால் போதும் என்றார். அவர் சொன்னது உள்ளன்போடுதான். அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

இதை நிறுத்த வேண்டும் என்று எனக்குப் பட்டது. மகளைத் தனியாகக் குசினிக்குக் கூப்பிட்டேன். எழுத்து இன்னும் நடக்கவில்லை, இப்போதே மாற்றலாம், ராசாவின் பெண்களே மாற்றியிருக்கிறார்கள், நான் உன் பக்கம் நிற்கிறேன், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் மாத்தேல்லை" என்றாள். "நான் போறன்."

"எங்கை? பேஸ்மெண்டுக்கோ? நிலத்துக்குக் கீழை இருக்கவோ உன்னைப் படிப்பிச்சனாங்கள்?"

சண்டை என்று வந்தால் பிரெஞ்சுக்குத் தாவிவிடுகிறவள், அன்று எனக்கு ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்பதுபோலத் தமிழிலேயே சொன்னாள்.

"அம்மா, எனக்கு இருபத்தஞ்சு வயசு. அப்பா டிவியை நிப்பாட்டினாப் பிறகுதான் நான் சோபாவை விரிச்சுப் படுக்கலாம். ஆக்கள் வந்தா அவை எழும்பிப் போகும்வரைக்கும் சிரிச்சுக்கொண்டு இருக்கவேணும். உடுப்பு மாத்துறது குளியலறையிலை. அழுறதும் அங்கைதான். அதுக்கும் நீங்கள் வந்து தட்டுவியள், கெதியா வெளியிலை வா எண்டு. பேஸ்மெண்ட் எண்டாலும் அதுக்கொரு கதவு இருக்கும். அண்டைக்குக் கேட்டியள், அந்தப் பெட்டையள் ஏன் போனவை எண்டு. அந்த விடுதியிலை ஒரு கட்டிலிலை கனபேர் படுத்தவையாம். நடுவருக்கு முன்னாலை நான் இதைச் சொல்லமாட்டன். ஆனா எனக்கு விளங்குது."

எங்கள் வீடு மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பின்தெருவில் ஐந்தாம் மாடியில் இருக்கிறது. ஒரு படுக்கையறை, ஒரு முன்னறை, குசினி. படுக்கையறை எங்களுக்கு. இழுத்தால் கட்டிலாகிற அந்தச் சோபாவை வாங்கிய நாளில், பிள்ளைக்குத் தனிக் கட்டில் வந்துவிட்டது என்று நாங்கள் பால் பொங்கிச் சாப்பிட்டோம். அவள் அதை இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. அன்றைக்கே கணவரிடம் அறையை அவளுக்கு விட்டுக்கொடுப்போம் என்றேன். "ரெண்டு மாசத்திலை எழுத்து முடியப்போற பிள்ளைக்கு இப்ப என்னத்துக்கு அறை?" என்றார். மகளும் வேண்டாம் என்றாள். நாங்கள் இருவரும் முன்னறையில் படுத்தால் நடுராத்திரியில் தண்ணீர் குடிக்கக்கூட எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றாள்.

பிறகு ஒரு நாள் நான் கோப்பை கழுவிக்கொண்டிருக்கும்போது, குசினியிலேயே நின்று மாப்பிள்ளைக்கு வீடியோக் கோல் எடுத்தாள். நான் கேட்கட்டும் என்றே அங்கே நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் அறையைக் காட்டுங்கள் என்றாள். பையன் சிரித்துக்கொண்டே தொலைபேசியைத் திருப்பினான். ஒரு கட்டில், சுவரின் உச்சியில் ஒரு சின்ன யன்னல். கட்டிலுக்கு எதிரில் உடுப்புத் தோய்க்கும் மெசின், அதன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு பிறீசர். வீட்டில் எல்லாருடைய உடுப்பும் அங்கேதான் தோய்க்கிறார்கள். வாங்கிச் சேர்த்த மீன், ஆட்டிறைச்சி எல்லாம் அந்தப் பிறீசருக்குள்தான். தாய் காலையும் மாலையும் இறங்கி வருவாராம், அண்ணன் பிள்ளைகள் அங்கேதான் விளையாடுவார்களாம்.

"கதவுக்குப் பூட்டு இருக்கோ?" என்று மகள் கேட்டாள்.

"கதவே இல்லை. படியாலை இறங்கினா நேரை வரலாம். இஞ்சை பூட்டு என்னத்துக்கு? நாங்கள் எல்லாரும் ஒண்டுதானே" என்றான் அந்தப் பிள்ளை. அன்பாகத்தான் சொன்னான். அவன்மேல் எனக்கு இன்றுவரை ஒரு கோபமும் இல்லை.

அந்தக் கிழமையே அவள் அவனுக்கு நேரடியாகச் சொல்லிவிட்டாள், கலியாணம் வேண்டாம் என்று. எங்களூடாகச் சொல்லவில்லை. என் கணவருக்கு சம்பந்தம் குழம்பியதைவிட அதுதான் பெரிய அவமானம். ஸ்கார்பரோவில் இருந்து மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்து, உங்கள் பெண் எங்கள் வீட்டில் பூட்டுத் தேடுகிறாள், எதை மறைக்கப் பார்க்கிறாள் என்று கேட்டார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். பெண் வேண்டாமென்று சொன்ன கதை அவர்களுக்கும் வெட்கம், வெளியில் விடவில்லை.

பரீட்சையில் மகள் பாஸ் ஆனாள். புறநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. கோடை முடிவதற்கு முன் பொண்டி என்கிற ஊரில் ஒரு சின்ன ஸ்டூடியோ, அதாவது ஒற்றை அறை வீடு, வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்குக் கணவருக்கு லீவு. ஆனாலும் வேலைக்கென்று வெளிக்கிட்டுப் போய்விட்டார்.

வேறு நகரத்தில் வேலை என்றால் சனத்துக்குச் சொல்லலாம். மெட்ரோவும் ரயிலும் ஓடுகிற தூரத்தில் தாய் தகப்பன் இருக்க, கலியாணமாகாத பெண் தனியாக வீடெடுத்து இருக்கிறாள் என்பதை எங்கள் ஆட்களிடம் எப்படிச் சொன்னாலும் அது வேறொன்றாகத்தான் போய்ச் சேரும். கணவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. லா சப்பல் அவளுக்கு ஏற்கனவே கனடாவில் வீடு கட்டிக் கொடுத்துவிட்டது. மகளைக் காணவில்லையே என்று முடிவெட்டும் கடையில் ஒருவர் கேட்டாராம். இன்னொருவர் அவரே பதிலும் சொன்னாராம், எழுத்தைச் சத்தமில்லாமல் முடித்து அனுப்பிவிட்டீர்கள்போல என்று. என் கணவர் "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்துகொண்டு, சாப்பாடு வேண்டாம் என்றார். வாய்க்கு வந்தபடி பேச எனக்கு ஆத்திரம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை.

மகளிடம் நான்தான் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. "அப்ப நான் லா சப்பலுக்கு வரேலாது" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மஜந்தா ஸ்டேஷனில் ரயிலேறிப் பொண்டிக்குப் போகிறேன். மிளகாய்த்தூள், கருவாடு, கறிவேப்பிலை எல்லாம் இரண்டு பைகளுக்குள் மணக்காமல் சுற்றி எடுத்துப் போவேன். அந்தப் பக்கமும் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதால் அவள் அங்கே தமிழ்க்கடைக்குப் போவதில்லை. ரயிலில் தெரிந்த முகம் ஏறினால் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அவளுடைய ஸ்டூடியோ சின்னதுதான், ஆனால் அவள் முகம் தெளிந்திருக்கிறது. நான் போனால் எனக்குப் பாடம் சொல்கிறாள். இப்போது கனடாவில் ஏற்கனவே இருந்த அந்தச் சனத்தைப் பற்றிய பகுதியை முதலில் வைத்திருக்கிறாள்.

போன கிழமை ஒரு நாள் பின்னேரம், கடைக்கு வழக்கமாக வருகிற ஒரு பெண் அரிசி மூட்டையை என்னிடம் தூக்கித் தந்துகொண்டே கேட்டாள்.

"மகள் எப்பிடி இருக்கிறா அக்கா? அங்கை இப்ப சரியான ஸ்னோவாமே?"

"ஓம், சரியான குளிர் எண்டு சொன்னவள்."

"நீங்கள் ஒருக்காப் போய்ப் பாக்கேல்லையோ?"

"கனதூரம்தானே" என்றேன்.

"பாவம் நீங்கள். பெத்த பிள்ளையைப் பாக்க ஏலாமல்" என்று என் கையைப் பிடித்துத் தடவிவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் தெருவைக் கடப்பதற்குள் என் தொலைபேசி அதிர்ந்தது. மகள்தான். பள்ளிக்கூடத்துக் கூட்டம் ஒன்றுக்கு வந்தவள், கடையிலிருந்து நடக்கிற தூரத்திலுள்ள கார் து நோர் ரயில் நிலையத்தில் நிற்கிறாளாம். அடுத்த ரயிலுக்கு நேரம் இருக்கிறது, கடைக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டு உடனே போய்விடுகிறேன், வரட்டுமா என்று எழுதியிருந்தாள்.

இப்ப வேண்டாம் பிள்ளை, கடையிலை ஆக்கள் நிக்கினம், ஞாயிற்றுக்கிழமை நான் வாறன் என்று எழுதி அனுப்பினேன்.

அப்போது கடையில் ஒருவரும் இல்லை.